இடதுபக்கத் திருகு

ஆடவே கூடாத ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

டாக்டர் காலிதா பல் பார்க்கும் கண்ணாடியின் காம்பால் மெல்லத் தட்டிப் பார்த்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் பல் வைப்பதற்காக யாகப்பம்மாளின் மேல்தாடையில் முடுக்கிய இரண்டு திருகுகளில் வலதுபக்கத்தது சுவரில் அறைந்த ஆணி மாதிரி அசையாமல் நின்றது. இடதுபக்கத்தது ஈரமணலில் ஊன்றிய குச்சி மாதிரி அப்படியும் இப்படியும் சாய்ந்தது. அதைச் சுற்றி ஈறு சிவந்து தடித்திருந்தது. விரலால் அமுக்கியதும் துளி சீழ் கசிந்தது.

"வலிக்குதாம்மா?"

"வலி இல்ல டாக்டரம்மா. ஒரு மாசமா வாயில ஒரு கெட்ட வாடை. அம்புட்டுத்தான்."

"ஒரு மாசமாவா? அப்பவே ஏன் வரல?"

யாகப்பம்மாள் நாற்காலியில் மல்லாந்தபடியே கண்ணைத் திருப்பித் தங்கச்சியைப் பார்த்தாள். இந்த அறைக்குள் நுழைந்த நாளிலிருந்து கேள்வி அவளிடம் வரும், பதில் தங்கச்சியிடமிருந்து போகும். அது அப்படியே பழகிப்போயிருந்தது.

"பள்ளிக்கூடம் தொறந்த நேரம் டாக்டர். லீவு போட முடியல" என்றாள் வேளாங்கண்ணி.

அது உண்மைதான். ஆனால் அக்கா ஒரு மாதத்துக்கு முன்னால் போன் செய்து "வாய் ஒரு மாதிரி இருக்கு புள்ள" என்று சொன்னபோது "புதுசுல அப்படித்தான்க்கா இருக்கும்" என்று சொல்லி வேளாங்கண்ணி பேச்சை மாற்றியதும்கூட உண்மைதான்.

"ஒரு எக்ஸ்ரே எடுத்துடுவோம். படத்தைப் பாத்துட்டுப் பேசலாம்" என்றார் டாக்டர்.

படம் எடுத்து முடித்து இருவரும் வெளியறை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ராமநாதபுரத்தில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது அந்தப் பல் ஆஸ்பத்திரி. ஜன்னலுக்குக் கீழே பரமக்குடி பஸ் ஒன்று விடாமல் ஹாரன் அடித்தது. யாகப்பம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். முன்பல் இரண்டும் போன பிறகு வந்த பழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கடலில் பாசி எடுத்துத் திரும்பும்போது வத்தையில் ஏறக் காலைத் தூக்கினாள், அலை அடித்தது, படகு விளிம்பு வாயில் மோதியது. பாசி மூட்டையை விட்டிருந்தால் கையை ஊன்றியிருக்கலாம். அவள் மூட்டையை விடவில்லை.

"இது ஏன்னு எனக்குத் தெரியும் கண்ணி" என்றாள் யாகப்பம்மாள், குரலைத் தாழ்த்தி.

வேளாங்கண்ணி சட்டென்று திரும்பினாள். "என்னக்கா தெரியும்?"

"தவக்காலத்துல போயி அழகு பாக்க ஆசப்பட்டேன்ல. சாமி பாடுபட்ட நாளுல நான் பல்லு வைக்க வந்தேன். அதான் ஒண்ண எடுத்துக்கிட்டாரு."

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"உனக்குத் தெரியாது. போன வாரம் என்கூடப் பாசி எடுக்குற ராக்குவக் கூட்டிக்கிட்டு ஓரியூர் கோயிலுக்குப் போனேன். அவ கும்பிடுற சாமி வேற, இருந்தாலும் வந்தா. கோயில் செம்மண்ண எடுத்து ஈறுல தடவிக்கிட்டு, மன்னிச்சிருங்க சாமின்னு சொல்லிட்டு வந்தேன். இன்னும் மன்னிக்கல போல."

அவள் அதை வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ரேஷனில் சீனி வரவில்லை என்று சொல்வது மாதிரி சொன்னாள். வேளாங்கண்ணி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தாள். தாடையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம். எலும்புக்குள் ஒரு திருகு, அதன் தலையில் ஒரு வெள்ளைப் பல். எலும்பு மெல்ல மெல்ல வளர்ந்து அந்தத் திருகைத் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும் என்று பிப்ரவரி மாதம் இதே இடத்தில் நின்று டாக்டர் விளக்கியிருந்தார். அதற்கு நாலு மாதமோ ஆறு மாதமோ ஆகும். பிடித்த பிறகுதான் மேலே பல் மாட்ட முடியும். வேளாங்கண்ணிக்கு அப்போது அது ஒரு அதிசயமாக இருந்தது. உடம்பு அந்நியமான ஒன்றை ஏற்றுக்கொள்வது. அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள்.

யாகப்பம்மாள் அன்றைக்கு எக்ஸ்ரே அறைக்குள் இருந்தாள். வேளாங்கண்ணி இதே பெஞ்சில் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினாள். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று வரிசையாகப் போன கேள்விகளில் புகையிலையும் இருந்தது.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்தில், அக்காவின் ஊரில், பாசி எடுக்கும் பெண்களில் புகையிலை போடாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்பளவுத் தண்ணீரில் நாலு மணி நேரம் முங்கி முங்கி எழுகிறவளுக்கு வாய்க்குள் ஒரு சூடு வேண்டியிருக்கிறது. நடுக்கடலில் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது, நனைந்துவிடும். அதனால் கரையிலேயே பெரிய துண்டாகக் கிள்ளி, உப்புத்தண்ணீர் அடித்துக்கொண்டு போகாதபடி மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே இடதுபக்கமாக இறுக்கி ஒதுக்கிக்கொண்டு இறங்குவாள் யாகப்பம்மாள். பதினெட்டு வயதிலிருந்து அப்படி. அந்தப் பாசிக் காசில்தான் வேளாங்கண்ணி பத்தாவது முடித்தாள், பன்னிரண்டாவது முடித்தாள், ஆசிரியப் பயிற்சி முடித்தாள்.

ஆனால் தவக்காலம் வந்துவிட்டால் யாகப்பம்மாள் புகையிலையைத் தொட மாட்டாள். சாம்பல் புதன் காலையில் பொட்டலத்தை அடுப்பில் போட்டால் பிறகு ஈஸ்டர் காலையில்தான் புதுப் பொட்டலம். சிலர் கறி விடுவார்கள், சிலர் மீன் விடுவார்கள். அவள் இதை விடுவாள். நாற்பது நாளும் தலைவலியோடுதான் கடலில் இறங்குவாள். பல் வைக்க வந்த நாள் தவக்காலத்தின் இரண்டாவது வாரம்.

'இல்லை' என்று எழுதினாள் வேளாங்கண்ணி. இன்றைய தேதிக்கு அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. டாக்டர் ஃபாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து கேட்டார். "டீச்சர், பல்லுல கறை இருக்கே. போயிலை போடுவாங்களா?"

"முன்ன போட்டாங்க டாக்டர். விட்டுப் பல வருஷம் ஆச்சு."

பல வருஷம் என்ற வார்த்தை அவளைக் கேட்காமலே வந்துவிட்டது. டாக்டர் பேனாவை எடுத்து அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டார். "நல்லது. விட்டவங்க சில பேர் மறுபடி தொட்டுருவாங்க. ஆறு மாசத்துக்கு அது பக்கமே போகக் கூடாது. அது ஈறுக்கு ரத்தம் போறதைக் குறைச்சிரும், எலும்பு பிடிக்காது. நீங்க படிச்சவங்க, பாத்துக்கங்க."

படிச்சவங்க பார்த்துக்கொண்டதுதான் பிறகு நடந்தது. ஈஸ்டர் காலையில் குழந்தைகளோடு சின்னப்பாலம் போனாள். பூசை முடிந்து வந்த யாகப்பம்மாள், எல்லோருக்கும் இட்லி வைத்துவிட்டு, வாசலில் உட்கார்ந்து புதுப் பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் ஒதுக்கினாள். "உசுரு வந்துச்சு" என்றாள். வேளாங்கண்ணி பக்கத்தில் இட்லித் தட்டோடு நின்றாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சட்னி கேட்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று அவள் தன்னிடமே கேட்டுக்கொண்டது உண்டு. சொன்னால் அக்கா புகையிலையை விட மாட்டாள், பல்லே வேண்டாம் என்றுவிடுவாள் என்பது ஒரு பதில். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது, அதை அவள் தூக்கிப் பார்ப்பதில்லை. ஆகஸ்டில் ராமநாதபுரத்தில் அவளுடைய புது வீட்டுக்கு மந்திரிப்பு, சாமியார் வந்து செபம் சொல்லிக் குடிபுகும் நாள். புருஷன் வேதநாயகத்தின் ஆபீஸ்காரர்கள் வருவார்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வருவார்கள். போன வருஷம் ஒருநாள் யாகப்பம்மாள் மதிய நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கே நண்டு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். ஓட்டைப் பல்லும் காவி ஏறிய உதடுமாக அவள் சிரித்துவிட்டுப் போன பிறகு, யாரு டீச்சர் அது என்று ஒருத்தி கேட்டாள். ஊர்க்கார அக்கா என்று வேளாங்கண்ணி சொன்னாள். அதிலும் பொய்யான வார்த்தை ஒன்றுகூட இல்லை.

அக்காவுக்குப் பல் வைக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தது அந்த வாரத்தில்தான்.

"யாகப்பம்மா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டாள் டோக்கன் எழுதும் மஜீதா.

டாக்டர் வெளிச்சப் பலகையில் படத்தை மாட்டியிருந்தார். வலதுபக்கத் திருகைச் சுற்றி எலும்பு வெள்ளையாக நெருங்கி நின்றது. இடதுபக்கத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு.

"இந்தக் கறுப்பு இருக்குல்ல, அங்க எலும்பு இல்ல. திருகு சும்மா சதையில நிக்குது. இன்னைக்கே எடுத்துடணும்."

"மறுபடி வைக்கலாமா டாக்டர்?" என்று வேளாங்கண்ணி கேட்டாள்.

"அதான் யோசிக்கிறேன். ஏன் பிடிக்கலன்னு தெரியாம வைக்கக் கூடாது. சர்க்கரை இல்ல. வேற பழக்கமும் இல்ல. சில பேருக்கு அந்த இடத்து எலும்பு ஏத்துக்காது, அவ்வளவுதான். அப்படின்னா திரும்பவும் கிழிச்சு, திரும்பவும் முடுக்கி, அவங்களை எதுக்குப் பாடுபடுத்தணும்? கழட்டி மாட்டுற மாதிரி ஒரு செட்டு செஞ்சு குடுத்துடறேன். இதோட விட்டுருவோம்."

"என் பாவம்தான் டாக்டரம்மா. எலும்பு என்ன செய்யும், பாவம்" என்றாள் யாகப்பம்மாள். பிறகு செம்மண் கதையையும் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மண்ணெல்லாம் வைக்காதீங்கம்மா. ஆனா அதுனால இல்ல, இது அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சது" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினார். ஊசி மருந்தை எடுக்கத் திரும்பினார்.

அவ்வளவுதான். மூடியாயிற்று. இனி யாரும் கேட்கப் போவதில்லை. யாகப்பம்மாள் கழற்றி மாட்டும் பல்லோடு மந்திரிப்புக்கு வருவாள், எல்லோரையும் பார்த்துச் சிரிப்பாள், தன் ஆசைக்குச் சாமி கொடுத்த தண்டனை என்று நம்பிக்கொண்டு ஒவ்வொரு தவக்காலமும் முழங்காலில் நிற்பாள். வேளாங்கண்ணி ஒரு நிமிஷம் அந்த வாழ்க்கையை முழுசாகப் பார்த்தாள். அதில் தனக்கு ஒரு குறையும் இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"டாக்டர்" என்றாள். "அந்த ஃபாரத்துல நான் பொய் எழுதிட்டேன்."

டாக்டர் திரும்பினார். யாகப்பம்மாளும் தலையைத் தூக்கினாள்.

"அக்கா புகையிலை விடல. தவக்காலத்துல மட்டும் விடுவாங்க. ஈஸ்டர்ல இருந்து போட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. இடதுபக்கம்தான் வைப்பாங்க. நீங்க கூடாதுன்னு சொன்னதை நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல."

டாக்டர் காலிதா யாகப்பம்மாளின் மேல் உதட்டை இடதுபக்கம் தூக்கிப் பார்த்தார். உள்தோல் வெளுத்து, தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி சுருங்கியிருந்தது. "கறைதான் பழசுன்னு நெனச்சேன். நானும் இதை நல்லாப் பாத்திருக்கணும்" என்று முணுமுணுத்தார்.

யாகப்பம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "என்ன எழுதுன?"

"நீ போயல போடுறதில்லன்னு. விட்டுப் பல வருஷம் ஆச்சுன்னு."

"ஏன்?"

வேளாங்கண்ணி தரையைப் பார்த்தாள். "சொன்னா நீ விட மாட்டேன்னு நெனச்சேன்."

"கேட்டியா?"

"இல்ல."

"சாமிக்காக நாப்பது நாளு விடுறவ. நீ கேட்டா விட மாட்டேனா."

குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் வேளாங்கண்ணி அழுதிருப்பாள். அழுதிருந்தால் அக்கா சமாதானம் செய்திருப்பாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் எல்லாம் முடியும். இப்போது யாகப்பம்மாள் தங்கச்சியை, சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"நானு ஒரு மாசமா என் மேலயே பழியப் போட்டுக்கிட்டுத் திரியிறேன்" என்றாள். "நீ வெளிய இரு. நான் டாக்டரம்மாகிட்ட பேசணும்."

"அக்கா, நானும்..."

"வெளிய இரு புள்ள."

கதவு சாத்தப்பட்டது. மஜீதா நிமிர்ந்து பார்த்தாள். "என்ன டீச்சர், நீங்க வந்துட்டீக? அக்கா மட்டும் பேசிருவாகளா?"

"பேசுவாங்க" என்றாள் வேளாங்கண்ணி.

பெஞ்சில் உட்கார மனம் வராமல் ஜன்னலோரம் நின்றாள். கதவுக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. வார்த்தை புரியவில்லை. நீளமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். இடையில் டாக்டர் என்னவோ கேட்டார், மறுபடி அக்காவின் குரல். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். ஐந்து மாதத்தில் எத்தனை தடவை இங்கே வந்திருப்பார்கள். அக்கா இந்த அறைக்குள் ஒருநாளும் சிரித்ததில்லை. தான் பக்கத்தில் நின்றதால்தான் சிரிக்கவில்லையோ என்று நினைத்தாள். நின்றது அக்காவுக்குத் துணையாகவா, அக்காவை மறைத்துக்கொண்டா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

யாகப்பம்மாள் வெளியே வந்தபோது திருகை எடுத்த இடத்தில் பஞ்சு வைத்து அமுக்கியிருந்தது. அரை மணி நேரம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அதனால் மாடிப்படி இறங்கும்போதும், கடைத்தெருவில் நடக்கும்போதும், பஸ் ஸ்டாண்டில் நிழல் தேடி நிற்கும்போதும் அவள் ஒன்றும் பேசவில்லை. வேளாங்கண்ணிக்கு அந்த அரை மணி நேரம் ஒரு முழு நாள் மாதிரி நீண்டது. இளநீர் வாங்கட்டுமா என்று கேட்டாள். அக்கா கையால் வேண்டாம் என்றாள். பை கனக்குதா, நான் தூக்குறேன் என்றாள். அக்கா பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

கடைசியில் யாகப்பம்மாள் பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"நாலு மாசம் புண்ணு ஆறணுமாம். பெறகு புதுத் திருகு. அதுக்குப் பெறகும் ஆறு மாசம். அதுவரைக்கும் போயலையத் தொடக் கூடாதாம். வருசம் முழுக்கத் தவக்காலமான்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டாக."

"விட்டுருவியாக்கா?"

"விடுறேன்னு அவுககிட்ட சொல்லியிருக்கேன்." 'அவுககிட்ட' என்பதை அழுத்திச் சொன்னாள். "இன்னொண்ணும் கேட்டேன். பாசி எடுக்கையில பாறை கிழிக்காம இருக்க விரலுக்குத் துணி சுத்துவோம்ல. இடது கைக்கு வலது கையால முடிஞ்சிரலாம். வலது கைக்குப் பல்லால கடிச்சு இழுத்தாத்தான் முடிச்சு நிக்கும். பல்லு போனதுல இருந்து தெனமும் ராக்குகிட்டக் கைய நீட்டிக்கிட்டு நிக்கிறேன். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா, எனக்குத்தான் கூச்சம். இந்தப் பல்லால இழுக்கலாமான்னு கேட்டேன்."

வேளாங்கண்ணி அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்குப் பல் எதற்காக வேண்டியிருந்தது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சிரிப்பதற்குத்தான் என்று அவளாகவே வைத்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"கூடாதாம். வேற வழி பாக்கச் சொன்னாக. ரப்பர் பட்டை போடுங்கன்னாக. நல்ல யோசனைதான், எனக்குத் தோணல."

"அக்கா, மந்திரிப்ப வேணா கொஞ்சம் தள்ளி வச்சுருவோமா?"

"எதுக்குத் தள்ளணும்? வீடு கட்டுனா மந்திரிக்கணும். நான் இப்படியே வாரேன். செட்டுப் பல்லும் வேணாம்னுட்டேன்."

வேளாங்கண்ணி பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டே தொடங்கினாள். "அக்கா, உன்கிட்ட இன்னொரு விஷயமும் சொல்லணும். போன வருஷம் நீ நண்டு கொண்டாந்தப்ப..."

"பாவசங்கீர்த்தனம் கேக்க நான் என்ன சாமியாரா?" என்றாள் யாகப்பம்மாள். "எல்லாத்தையும் இன்னைக்கே எறக்கி வச்சிட்டு நீ லேசா வீட்டுக்குப் போயிரணும்னு பாக்காத. எனக்கு வாய் மரத்துக் கெடக்கு. பெறகு சொல்லு."

வெயிலில் தார் வாசனை அடித்தது. வேளாங்கண்ணிக்கு உள்ளே இருந்த பாரம் கொஞ்சம்கூட லேசாகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

"நவம்பர்ல ஆஸ்பத்திரிக்கு வரும்போது நானும் வரட்டா?" என்று கேட்டாள்.

யாகப்பம்மாள் மரத்துப்போன மேல் உதட்டைப் புறங்கையால் துடைத்து, ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"வா. பேசுறது நான்."

ராமேஸ்வரம் பஸ் வந்தது. கூட்டம் குறைவாக இருந்தது. யாகப்பம்மாள் முன்னால் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் கூடப் போய் விட்டுவிட்டு வருவதா, இங்கேயே நின்றுவிடுவதா என்று தெரியாமல் வேளாங்கண்ணி படியில் ஒரு காலை வைத்து நின்றாள். பின்னால் வந்தவர் தள்ளிய தள்ளில் உள்ளே வந்துவிட்டாள். அக்காவுக்குப் பக்கத்தில், இடம் விட்டு, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

கண்டக்டர் வந்து வேளாங்கண்ணியைப் பார்த்து, எங்கே என்று கேட்டார். பழக்கத்தில் அவள் வாயைத் திறந்தாள். திறந்ததை மூடிக்கொண்டு அக்கா பக்கம் திரும்பினாள்.

யாகப்பம்மாள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் விரலால் கம்பியைத் தட்டினார்.

"பாம்பன்" என்றாள் அவள், கோணிய உதட்டோடு. கொஞ்சம் பொறுத்து, "ரெண்டு" என்றாள்.